மரப் பெட்டியை மறுபடி கட்டியது யார்? பழைய அமெரிக்க ரயில் பெட்டிகளின் பூர்வீகம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய மரப் பயணிகள் பெட்டி ஒன்று அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும்போது, கூடவே ஒரு வாய்மொழித் தகவலும் வந்துவிடும். "ஜாக்சன் அண்ட் ஷார்ப் கட்டியது, 1880" என்பார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய மரப் பெட்டியில் முதலில் கட்டியவரின் கைவேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது வேறு கேள்வி. கொலராடோவில் இருக்கும் 'அலமோசா' என்ற நேரோ கேஜ் (குறுகிய தண்டவாளப் பாதை) பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் 1880-இல் ஜாக்சன் அண்ட் ஷார்ப் கட்டியது. 1937-இல் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் கம்பெனி தன் 'சான் ஹுவான்' ரயிலுக்காக அதைப் பார்லர் பெட்டியாக (தனி நாற்காலிகள் கொண்ட சொகுசுப் பெட்டியாக) மாற்றியது. அதை "1880-இல் கட்டியது" என்று மட்டும் எழுதி வைத்தால் பாதி வரலாறு போய்விடும்.

இந்தத் தேடலில் பலரும் முதலிலேயே "யார்?" என்று கேட்டுவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது "எப்போது?" மறுகட்டுமானம் நடந்த காலத்தை ஐந்து ஆண்டுக்குள் சுருக்கிவிட்டால், எந்தக் கம்பெனியின் எந்த ஆவணத்தைத் திறப்பது என்பது தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் ஆவணக் காப்பகத்துக்குள் போனால் மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

'ரீபில்ட்' (மறுகட்டுமானம்) என்ற சொல்லை நம்பாதீர்கள்

பழைய ஆண்டறிக்கைகளில் "இந்த ஆண்டு 6 பெட்டிகள் ரீபில்ட் செய்யப்பட்டன" என்று இருக்கும். அதற்கு ஒரே பொருள் கிடையாது. சில இடங்களில் கூரையும் வெளிப்பலகையும் மாற்றியதைச் சொல்வார்கள். சில இடங்களில் பழைய பெட்டியின் போகியையும் (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டம்) இரும்புச் சாமான்களையும் மட்டும் எடுத்து, மேலே முழுக்கப் புதுப் பெட்டி கட்டியதையும் அப்படியே சொல்வார்கள்.

இதற்குக் காரணம் கணக்கு வழக்கு. புதுப் பெட்டி வாங்கினால் அது மூலதனச் செலவு. பழையதைப் 'புதுப்பித்தால்' நடப்புச் செலவில் எழுதிவிடலாம். அதனால் புதுப் பெட்டிக்குப் பழைய எண்ணைப் போட்டுப் பழுதுபார்ப்புக் கணக்கில் காட்டுவது அந்நாளில் சகஜமாக இருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தக ஆணையம் 1907-இல் எல்லா ரயில் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரிக் கணக்கு முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் குழப்பம் குறைந்தது. ஆகவே 1907-க்கு முந்தைய 'ரீபில்ட்' எதையும் பெட்டியின் எலும்புக்கூட்டோடு, அதாவது அதன் விட்டங்களோடும் சட்டங்களோடும், ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

இன்னொன்று: பல கம்பெனிகளின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்தது. 1904 அறிக்கை என்றால் 1903 ஜூலை முதல் 1904 ஜூன் வரை. 1916-இல் இருந்துதான் கணக்கு காலண்டர் ஆண்டுக்கு மாறியது. உங்கள் தேதி ஓராண்டு முன்பின்னாக வருவதற்கு இது ஒன்றே போதும்.

யாரெல்லாம் செய்திருக்கலாம்

நான்கு வகை.

முதலாவது, ரயில் கம்பெனியின் சொந்தப் பணிமனை. நம் ஊரில் தென்னிந்திய ரயில்வேக்குப் பொன்மலை எப்படியோ, அப்படி பென்சில்வேனியா ரயில்ரோடுக்கு ஆல்டூனா, பால்டிமோர் அண்ட் ஓஹையோவுக்கு மவுண்ட் கிளேர், சதர்ன் பசிபிக்குக்கு சாக்ரமென்டோ, ரியோ கிராண்டுக்கு டென்வரில் இருந்த பர்ன்ஹாம். பெரிய மறுகட்டுமானங்களில் பெரும்பங்கு இங்கேதான் நடந்தது. வேறு சான்று எதுவும் இல்லாத நிலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பணிமனையைத்தான்.

இரண்டாவது, பெட்டி கட்டும் கம்பெனிகள். டேட்டனில் பார்னி அண்ட் ஸ்மித், ஸ்பிரிங்ஃபீல்டில் வேசன், வில்மிங்டனில் ஜாக்சன் அண்ட் ஷார்ப், நியூ ஹாம்ப்ஷயரில் லக்கோனியா. புதுப் பெட்டி ஆர்டர் குறைந்த காலத்தில் இவர்களும் பழைய பெட்டிகளை எடுத்துச் செய்தார்கள்.

மூன்றாவது, படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மேன் கம்பெனியின் பழுதுபார்ப்புப் பணிமனைகள். சிகாகோவின் கலுமெட், பஃபலோ, செயின்ட் லூயிஸ், வில்மிங்டன், அட்லாண்டா, கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் ஆகிய இடங்களில் இருந்தன.

நான்காவது வகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பழைய சாமான் வியாபாரிகள். பெரிய கம்பெனிகள் கழித்த பெட்டிகளை வாங்கிச் சீர்செய்து சின்னப் பாதைகளுக்கும் மரம் வெட்டும் கம்பெனிகளுக்கும் விற்றவர்கள். அட்லாண்டாவின் சதர்ன் அயர்ன் அண்ட் எக்விப்மென்ட், ஜார்ஜியா கார் அண்ட் லோகோமோட்டிவ், சிகாகோவின் ஹாட்ச்கிஸ் புளூ, ஃபிட்ஸ்ஹியூ லூதர் ஆகியவை இந்தத் தொழிலில் பெயர் பெற்றவை. உங்கள் பெட்டி ஒரு சின்னப் பாதையில் தன் கடைசிக் காலத்தைக் கழித்திருந்தால் இந்தப் பெயர்களைப் பட்டியலில் இருந்து நீக்காதீர்கள்.

தொடங்கும் முன்

தேவையானவை: அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குவரை காட்டும் டேப், பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச், 10 மடங்கு லென்ஸ், புற ஊதா விளக்கு, மெல்லிய சர்ஜிக்கல் பிளேடு, ஜிப் பைகள், பென்சில், கேமரா, அளவுகோல். மெட்ரிக் டேப் வேண்டாம். இந்தப் பெட்டிகள் அடி அங்குலத்தில் கட்டப்பட்டவை. 2 அடி 10½ அங்குலம் என்று பார்த்தவுடன் ஒரு தச்சரின் கணக்கு கண்ணுக்குத் தெரியும். 876 மில்லிமீட்டரில் அது தெரியாது.

பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்று எடுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். பி100 முகக்கவசம், கையுறை அவசியம். அடிப்பகுதியிலும் கூரைக்குள்ளும் கல்நார் சுற்றிய குழாய்கள் இருக்கக்கூடும், அவற்றைத் தொடாதீர்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்ட சீட்டுக் கட்டுங்கள். ஆட்கள் ஆர்வத்தில் முதல் நாளே உட்பலகைகளைப் பெயர்த்துக் குவித்துவிடுவார்கள். எந்தப் பலகை எங்கே இருந்தது என்ற தகவல் அன்றே செத்துவிடும், பிறகு எந்தக் காப்பகமும் அதைத் திருப்பித் தராது.

எலும்புக்கூட்டைப் படிப்பது

மரப் பெட்டியின் நீளவாட்டு அடிவிட்டங்கள் பெரும்பாலும் தென்மாநில மஞ்சள் பைன். முனை விட்டம் ஓக். ஜன்னல்களுக்கு இடையிலான நிமிர் சட்டங்கள் ஆஷ். வெளிப்பலகை பாப்லர். அடியில் நீளமாக ஓடும் இழுகம்பிகள், நடுவில் அவற்றை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள். கிழக்கு மாநிலப் பெட்டியின் பொதுவான மரவகை இதுதான். அப்படிப்பட்ட பெட்டியில் டக்ளஸ் ஃபர் விட்டமும் ரெட்வுட் பலகையும் கண்டால், மேற்குக் கடற்கரைப் பணிமனை ஒன்றை நினைக்க வேண்டும். மரவகையைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தீக்குச்சிப் பெட்டி அளவு துண்டு போதும், விஸ்கான்சின் மாநில மேடிசனில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகம் போன்ற இடங்களில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

எலும்புக்கூட்டில் மிகச் சிறந்த சாட்சி பக்க அடிவிட்டத்தின் மேல்முகம். ஒவ்வொரு நிமிர் சட்டத்தின் கழுந்தும் அதில் குடைந்த துளைக்குள் இறங்கியிருக்கும். கீழ்ப்பலகைகளை இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் கழற்றி அந்த முகத்தைப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் துளை, மரக்கட்டை வைத்து அடைத்த துளை, கழுந்து இல்லாமல் வெறும் இரும்புக் கோணத்தில் நிற்கும் சட்டம் ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் அந்தப் பக்கச் சுவர் ஒருமுறை எடுத்து வேறுவிதமாக வைக்கப்பட்டது என்று பொருள். பழைய துளைகளின் இடைவெளியை அளந்து எழுதுங்கள். முதலில் இருந்த ஜன்னல் வரிசை அதுதான். இப்போதுள்ள ஜன்னல் இடைவெளி மறுகட்டியவரின் வரிசை. ஆக இரண்டு கம்பெனிகளின் அளவு உங்கள் கையில் இருக்கிறது. புதுப் பெட்டிகளைக் கம்பெனிகள் எடுத்துவைத்த பக்கவாட்டுப் புகைப்படங்களோடு இரண்டையும் தனித்தனியே ஒப்பிடலாம்.

துளையே இல்லாத, சுத்தமான அடிவிட்டத்தின் மேல் பழைய சட்டங்கள் நின்றால் விட்டம் மாற்றப்பட்டிருக்கிறது. சட்டங்களில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் வரிசை தப்பாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நான்கு, ஐந்து, பதினொன்று, ஏழு என்று தாறுமாறாக இருந்தால் பிரித்துக் கோத்திருக்கிறார்கள். இன்னொரு பெட்டியின் சட்டமும் கலந்திருக்கலாம்.

காலம் காட்டும் மாற்றங்கள்

கீழே உள்ளவை அந்தந்த அமைப்பு எப்போதில் இருந்து இருக்க முடியும் என்பதைச் சொல்பவை. அதற்கு முன் இல்லை என்பது மட்டுமே உறுதி.

- வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் 1869, தானாகப் பிடிக்கும் வகை 1872.
- பெட்டிகளுக்கு இடையே மூடிய நடைக்கூண்டு: குறுகியது 1887, முழு அகலம் 1893.
- நீராவிச் சூடேற்றம்: 1880களின் பிற்பகுதியில் பரவியது. 1887 பிப்ரவரியில் வெர்மான்ட் மாநிலத்தில் பாலத்தில் இருந்து ரயில் விழுந்து, அடுப்பாலும் விளக்காலும் பெட்டிகள் எரிந்த விபத்து அதற்கு ஒரு பெரிய தூண்டுதல்.
- கட்டாயத் தானியங்கிக் கப்ளிங் (பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கி): சட்டம் 1893, நீட்டித்த கெடு 1900.
- கம்பி ஆணி: 1890களில் பழைய வெட்டு ஆணியை ஓரங்கட்டியது.
- மேசோனைட் அட்டை (மரநாரை அழுத்திச் செய்தது): 1920களின் நடுப்பகுதிக்குப் பிறகு.
- பிலிப்ஸ் திருகு: 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகு.

முனையில் திறந்த மேடை இருந்த பெட்டியில் பின்னாளில் நடைக்கூண்டு வைத்திருந்தால் முனை விட்டத்தின் அடியில் பழைய மேடைத் தாங்கிகளின் போல்ட் துளைகள் அப்படியே இருக்கும். இது அடிக்கடி கிடைக்கும் நல்ல தடயம்.

பெயிண்ட் அடுக்குகள்

பெரிய மறுகட்டுமானத்தில் பழைய பெயிண்டை ஊதுவிளக்கால் எரித்துச் சுரண்டிவிடுவது வழக்கம். அதனால் வெளிப்பலகையின் நடுவில் சோதித்துப் பயனில்லை. கதவு கீலுக்கு அடியில், ஜன்னல் ஓரச் சட்டத்துக்குப் பின்னால், பெயர்ப்பலகையின் கீழ் விளிம்பில், சுரண்டும் கத்தி எட்டாத இடத்தில் தேடுங்கள்.

ஓர் அங்குல வட்டத்தை 220, 320, 400, 600 என்று எண் வரிசையில் நீர் தொட்ட உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால், மரம் அறுத்த வளையங்கள் போல அடுக்குகள் விரியும். நடுவில் மரம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூச்சு, பிறகு நிறம், பிறகு வார்னிஷின் தேன்நிறக் கோடு, அதன்மேல் மயிரிழை அளவு கருப்பு. அந்தக் கருப்பு இழைதான் முக்கியம். அது கரியும் தூசியும் படிந்து பெட்டி ஓடிய காலம். கருப்பு இழை இல்லாமல் இரண்டு நிறம் ஒட்டியிருந்தால் அவை ஒரே வேலையில் பூசியவை. அவற்றை இரண்டு முறை பூசியதாக எண்ணுவதும், வார்னிஷ் கோடுகளை எண்ணிவிட்டு அத்தனை முறை நிறம் பூசியதாகச் சொல்வதும் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வார்னிஷ் மட்டும் தனியாக அடிக்கடி பூசுவார்கள்.

இப்போது பக்கத்துப் பக்கத்துப் பாகங்களை ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, நிமிர் சட்டத்தில் 14 அடுக்கு, பக்கத்து வெளிப்பலகையில் 9, அந்த 9-ம் சட்டத்தின் மேல் 9-ஓடு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்றால், ஐந்தாவது அடுக்குக்குப் பிறகு பலகை மாற்றப்பட்டது. ஆறாவது அடுக்கின் நிறத்தை எந்தக் கம்பெனி எப்போது பயன்படுத்தியது என்று தெரிந்தால் மறுகட்டுமானத்தின் தேதியே கிடைத்துவிடும்.

பெயர்ப்பலகையை இருட்டில், டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தங்கத்தாள் எழுத்துகள் பல பூச்சுக்கு அடியிலும் மேடாகத் தெரியும். ஒளிபுகும் தாளில் அவற்றை அப்படியே வரைந்துகொள்ளுங்கள். புற ஊதா விளக்கில் அவலரக்கு (ஷெல்லாக்) ஆரஞ்சு நிறத்தில் மின்னும், எண்ணெய் வார்னிஷ் வேறு சாயலில் தெரியும். நம் நாட்டில் இருந்து கப்பலேறிப் போன அந்த அரக்கு, உட்புறத்தில் எந்தப் பலகை பழைய மெருகோடு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இரும்பும் பித்தளையும்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பூட்டில் ஆடம்ஸ் அண்ட் வெஸ்ட்லேக், இருக்கையில் ஹேல் அண்ட் கில்பர்ன் என்று இருக்கும். இவர்கள் சாமான் விற்றவர்கள், எல்லாருக்கும் விற்றார்கள். சக்கரத்தில் வார்த்த தேதி அந்தச் சக்கரத்தின் தேதி மட்டுமே. போகி முழுசாகவே மாறியிருக்கும். கழற்றிப் பூட்டக்கூடிய எதையும் முதல் சாட்சியாக ஏற்காதீர்கள்.

ஆனால் காப்புரிமைத் தேதிகள் உதவும். இருக்கையின் காலிலோ விளக்கின் அடியிலோ மாதம், நாள், ஆண்டு வார்த்திருக்கும். அந்த நாளுக்கு முன் அந்தச் சாமான் இல்லை. துருவேறி எழுத்து மங்கியிருந்தால் ஒரு சோதனை உண்டு: அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டன. ஜேனியின் கப்ளிங் காப்புரிமை 1873 ஏப்ரல் 29, செவ்வாய். வெஸ்டிங்ஹவுஸ் 1869 ஏப்ரல் 13, அதுவும் செவ்வாய். நீங்கள் படித்த தேதி வியாழனில் விழுந்தால் 3-ஐ 8 என்றோ, 1-ஐ 7 என்றோ தவறாகப் படித்திருக்கிறீர்கள். அந்தக் காலக் காப்புரிமை 17 ஆண்டு செல்லும். அச்சை மாற்றாமல் அதற்குப் பிறகும் வார்த்தார்கள் என்பதால் மேல் எல்லைக்கு இதை நம்பாதீர்கள்.

பெட்டியோடு சேர்ந்து பிறந்த எழுத்து இவற்றைவிட மேல். கண்ணாடிக்குப் பின்னால், இருக்கைச் சட்டத்தின் அடியில், ஜன்னல் கீழ்ப்பலகையின் மறுபுறம், கூரை வளைவுச் சட்டங்களில் தேடுங்கள். தச்சர்களும் பெயிண்டர்களும் பென்சிலில் பெயரும் தேதியும் எழுதிவைப்பார்கள். ஜன்னல் மறைப்புகளிலும் கதவுகளிலும் பெட்டியின் பழைய எண் அச்சுக்குத்தியிருக்கும். ஒரே எண் பத்து இடத்தில் வந்தால் அது பெட்டியின் எண். பத்து பாகத்தில் நான்கு வெவ்வேறு எண் வந்தால் பல பெட்டிகளைக் கலந்து கட்டியிருக்கிறார்கள். பிரேக் சிலிண்டரிலும் சுத்தம் செய்த இடமும் தேதியும் ஸ்டென்சிலில் இருக்கும். பணிமனையின் சுருக்கக் குறி அதில் கிடைக்கும், ஆனால் அது பிரேக் சுத்தம் செய்த இடம்தான், கட்டிய இடம் அல்ல.

ஆவணங்கள்

தேதி ஐந்தாண்டுக்குள் சுருங்கிய பிறகு, இந்த வரிசையில் போங்கள்.

முதலில் மேரிலாந்து மாநில காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1913 சட்டப்படி ரயில் கம்பெனிகளின் சொத்து முழுவதையும் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தக ஆணையம் மதிப்பிட்டது. அந்தப் பதிவுகள் 134-ஆவது தொகுப்பில் இருக்கின்றன. பெட்டி எண், கட்டிய ஆண்டு, மதிப்பு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதற்குப் பிந்தைய மாற்றங்களுக்குச் செலவு அனுமதிப் படிவங்களையும் வேலை முடிந்த அறிக்கைகளையும் தேடுங்கள். எந்தப் பணிமனை, எவ்வளவு மரம், எத்தனை ஆள் கூலி என்பதெல்லாம் அதில்தான் வரும்.

புல்மேன் என்றால் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் கம்பெனியின் ஆவணங்கள், இல்லினாய் ரயில்வே மியூசியத்தில் வரைபடங்கள். அவர்களிடம் கேட்கும்போது லாட் எண்ணும் (ஒரே தொகுதியாகக் கட்டிய பெட்டிகளின் எண்) பிளான் எண்ணும் (வடிவமைப்பின் எண்) இருந்தால் வேலை எளிது. ஜாக்சன் அண்ட் ஷார்ப் புகைப்படங்கள் டெலவேர் மாநில ஆவணக் காப்பகத்தில். கலிஃபோர்னியப் பெட்டிகளுக்கு சாக்ரமென்டோவில் உள்ள மாநில ரயில் அருங்காட்சியக நூலகம்.

சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களை விட்டுவிடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஊரின் ஒவ்வொரு கட்டடமும் அளவோடு இருக்கும். சின்னப் பாதை ஒன்றின் பணிமனை 40 அடி நீளம்தான் என்று வரைபடம் காட்டினால், 55 அடிப் பெட்டியை அங்கே பிரித்துக் கட்டினார்கள் என்ற பேச்சுக்கு வேறு வலுவான ஆதாரம் வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைகளில் பெட்டி எண்ணைப் போட்டுத் தேடாதீர்கள், அரிதாகவே வரும். பணிமனைத் தலைவரின் பதவிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டு உங்கள் ஐந்தாண்டுக்குள் தேடுங்கள்.

வில்மிங்டன் குழி

ஒரு பாகத்தில் "வில்மிங்டன்" என்று மட்டும் கிடைத்தால் ஜாக்சன் அண்ட் ஷார்ப் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே ஊரில் ஹார்லன் அண்ட் ஹாலிங்ஸ்வொர்த்தும் பெட்டி கட்டியது. புல்மேனின் பழுதுபார்ப்புப் பணிமனையும் பென்சில்வேனியா ரயில்ரோடின் பணிமனையும் அங்கே இருந்தன. ஜாக்சன் அண்ட் ஷார்ப்பே 1901-இல் அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்ட்ரிக்குக் கைமாறிவிட்டது. ஆக ஊர்ப் பெயர் ஒன்று, சாத்தியம் நான்கு ஐந்து. தேதி கையில் இருந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். 1870கள் என்றால் ஒரு பட்டியல், 1910கள் என்றால் வேறு பட்டியல்.

இதே போன்றது எண் குழி. பெட்டி 12 எரிந்துபோனால் அடுத்து வாங்கிய பெட்டிக்கும் 12 என்றே போடுவார்கள். ஆவணத்தில் உள்ள 12-ம் உங்கள் முன் நிற்கும் 12-ம் ஒன்றுதானா என்பதை நீளம், ஜன்னல் எண்ணிக்கை, துளை இடைவெளி ஆகிய மூன்றாலும் உறுதி செய்யுங்கள்.

முடிவை எழுதும் விதம்

கட்டியவர், மறுகட்டியவர் என்று இரண்டு தனி வரிகள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றுகளைக் குறித்து, 'உறுதி', 'பெரும்பாலும்', 'சாத்தியம்' என்று ஒன்றைப் போடுங்கள். 'உறுதி' என்று போட, பெட்டியில் இருந்து ஒரு சான்றும் அதைச் சாராத காகிதச் சான்று ஒன்றும் வேண்டும். ஓர் ஆண்டறிக்கையைப் பார்த்து எழுதிய மூன்று கட்டுரைகள் மூன்று சான்று ஆகாது, ஒன்றுதான். பணிமனையின் பெயர் கிடைக்காமல் ரயில் கம்பெனி வரை மட்டும் தெரிந்தால் அதுவரை மட்டும் எழுதி நிறுத்துங்கள். ஊகத்தில் எழுதிய பெயரை அடுத்தவர் பலகையில் பொறித்துவிடுவார், பிறகு அழிக்கவே முடியாது.

மூடும்போது, நீங்கள் தேய்த்த பெயிண்ட் வட்டங்களில் ஒன்றையாவது அப்படியே விட்டு மேலே கழற்றக்கூடிய மூடி போடுங்கள். பென்சில் எழுத்துள்ள பலகையை மறுபடி அதே இடத்தில் திருகால் பூட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு புது மரத்தின் மறைவான முகத்திலும் ஆண்டையும் பணிமனைப் பெயரையும் இரும்பு அச்சால் குத்துங்கள். நூறாண்டு கழித்து அதே பலகையைக் கழற்றப்போகிறவருக்கு நீங்களும் மறுகட்டியவர்களில் ஒருவர்தான்.